ஏடிஎச்டி பிள்ளைகளும் பெற்றோர் ஒட்டுதலும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

துளிர்
மகனுக்கு ஏழு வயது. ஏடிஎச்டி, அதாவது கவனம் நிற்காத, ஓயாமல் துறுதுறுக்கும் கோளாறு என்று உறுதியாகிவிட்டது. மனதை அரிப்பது மதிப்பீட்டின்போது நடந்ததுதான். படிவம் நிரப்ப வெளியே போய்விட்டுத் திரும்பினேன். அவன் தரையில் உட்கார்ந்து பொம்மைக் காரின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான், நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஆலோசகர் எதையோ குறித்துக்கொண்டு, "கைக்குழந்தையா இருந்தப்ப நீங்க கூட இருந்தீங்களா?" என்றார். இரவெல்லாம் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவள் நான். வாயே திறக்க முடியவில்லை. வேறு யாரிடமாவது இப்படிக் கேட்டார்களா?

நடைவண்டி
எங்கள் கதை வேறு. மகளை மூன்று வயதில் காப்பகத்திலிருந்து தத்தெடுத்தோம். ஓரிடத்தில் நிற்க மாட்டாள், ஏடிஎச்டி என்றே எல்லோரும் சொன்னார்கள். ஒருநாள் பூங்காவில் முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்துவிட்டாள். கூப்பிடுகிறேன், திரும்பவே இல்லை. அந்த மனிதர்தான் பதறி நின்றார். அதனால் ஒட்டுதலுக்கும், அதாவது பிள்ளை பெற்றோரிடம் கொள்ளும் பிணைப்புக்கும், ஏடிஎச்டிக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ருமேனியக் காப்பகங்களிலிருந்து 1990-களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குத் தத்துப்போன பிள்ளைகளை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரின் குழு பல வருடம் தொடர்ந்து பார்த்தது. ஆறு மாதத்துக்கு மேல் அங்கே இருந்தவர்களில் பலருக்குக் கவனச் சிதறலும், அந்நியரிடம் தயங்காமல் போய்விடும் பழக்கமும் வளர்ந்த பிறகும் நீடித்தன.

குடைராட்டினம்
நடைவண்டி, கடுமையான புறக்கணிப்பு வேறு, வீட்டில் மடியில் வளர்ந்த பிள்ளை வேறு. அதைத் துளிர் தலையில் இறக்காதீர்கள். பிரிந்து திரும்பும் அம்மாவைக் குழந்தை எப்படி எதிர்கொள்கிறது என்று பார்த்து ஒட்டுதலைக் கணிக்கும் உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த்தின் முறை ஒரு வயதையொட்டிய குழந்தைகளுக்கானது. ஏழு வயதுப் பையனுக்கு அதைப் பொருத்துவது நியாயமா? ஏடிஎச்டியில் மரபின் பங்கு 70 சதவீதத்துக்கும் மேல் என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. பல வீடுகளில் பிள்ளையின் படபடப்புதான் அம்மாவைக் கத்த வைக்கிறது. மெத்தில்ஃபெனிடேட் என்ற ஏடிஎச்டி மருந்தைக் கொடுத்ததும் பிள்ளை சொன்னதைக் கேட்டது, அம்மாக்களின் அதட்டலும் குறைந்தது என்று உளவியலாளர் ரஸல் பார்க்லி 1970-களிலேயே காட்டினார். என் மகன் மாத்திரை தொடங்கிய புதிதில் "பையை எடு" என்றேன். எடுத்துவிட்டான்! அடுத்த அதட்டலுக்குத் திறந்த வாயோடு அப்படியே நின்றேன்.

துளிர், ஒன்று செய்யுங்கள். தினமும் கொஞ்ச நேரம் அவன் இழுக்கும் விளையாட்டில் சேருங்கள். கேள்வி கேட்காதீர்கள், திருத்தாதீர்கள், அவன் செய்வதை மட்டும் வாய்விட்டுச் சொல்லுங்கள். வேலை சொல்வதானால் பக்கத்தில் போய், முகம் பார்த்து, ஒரு நேரத்தில் ஒன்றுதான். செய்த உடனே பாராட்டுங்கள், சாயங்காலம் வரை தள்ளிப்போடாதீர்கள். அப்புறம், ஆறு வயதுக்குக் கீழே பிள்ளை இருப்பவர்கள் மாத்திரைக்கு முன்னால் பெற்றோர் பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள்.

துளிர்
நன்றி. ஆனால் நான் யோசனை கேட்கவில்லை.

மேல்மாடி
நான் அப்பா. என்னிடம் அந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லை. பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன், எல்லாக் கேள்வியும் மனைவிக்கே போயிற்று. அவள் அழத் தொடங்கியபோதும் ஆலோசகர் என் பக்கம் திரும்பவில்லை. பிற்பாடு பரிசோதித்ததில் எனக்கும் ஏடிஎச்டி என்று தெரிந்தது.