பென்டிரைவ் காப்பி 100% காட்டிவிட்டு 4 நிமிடம் நிற்கிறது: லினக்ஸ் கர்னலில் எதை மாற்றுவது?

கேட்டவர்:
16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, உபுண்டு. அக்கா கல்யாண வீடியோவைப் பென்டிரைவில் ஏற்றுகிறேன். 2 ஜிபி என்றால் சில நொடியில் 100% வந்துவிடுகிறது. ஆனால் எஜெக்ட் கொடுத்தால் 4 நிமிடம் அசையாது. 8 ஜிபி என்றால் இன்னும் மோசம். எடிட்டரில் ஒரு ஃபைலைச் சேமிக்கக்கூட முடியவில்லை. டர்ட்டி ரேஷியோவை (எழுதக் காத்திருக்கும் டேட்டா ரேமில் எத்தனை சதவீதம் வரை சேரலாம் என்ற கர்னல் வரம்பு) 80 ஆக்கினால் வேகம் கூடும் என்றார் நண்பர். செய்யலாமா?

பதில் 1:
வேண்டவே வேண்டாம். அந்த 100% ரேமுக்குப் போன கணக்கு, பென்டிரைவுக்குப் போனது அல்ல. எழுத வேண்டியதைக் கர்னல் முதலில் ரேமில் டர்ட்டி பேஜாக, அதாவது இன்னும் டிஸ்க்குக்குப் போகாத டேட்டாவாக, வைத்துக்கொள்ளும். கைவசம் உள்ள மெமரியில் 10% (டர்ட்டி பேக்ரவுண்ட் ரேஷியோ) சேர்ந்ததும் பின்னணியில் எழுதத் தொடங்கும். 20% (இதுதான் டர்ட்டி ரேஷியோ) நெருங்கும்போது எழுதுகிற புரோகிராம்களையே பிடித்து நிறுத்தும். உங்கள் எடிட்டர் மாட்டுவது அங்கேதான். 20% என்பது உங்கள் மெஷினில் 3 ஜிபி வரை போகும். நொடிக்கு 8 எம்பி எழுதும் பென்டிரைவுக்கு அது 6 நிமிட வேலை. 80 ஆக்கினால் வரிசைதான் நீளும், நடுவில் கரண்ட் போனால் இழப்பும் கூடும்.

கர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்கண்ட்ரோலில் (sysctl) டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸை 67108864, டர்ட்டி பைட்ஸை 268435456 என்று வையுங்கள், அதாவது 64 எம்பி, 256 எம்பி. பைட்ஸ் கொடுத்ததும் ரேஷியோ 0 என்று காட்டும், பயப்படாதீர்கள். காப்பி ஓடும்போது மெமரி நிலவரம் காட்டும் மெம்இன்ஃபோவில் (/proc/meminfo) டர்ட்டி (எழுதக் காத்திருப்பது), ரைட்பேக் (எழுதப்பட்டுக்கொண்டிருப்பது) வரிகளைப் பாருங்கள், கதை புரியும்.

கேட்டவர்:
செய்தேன். மொத்த நேரம் அதேதான், ஆனால் இப்போது பார் பொய் சொல்வதில்லை, எஜெக்டும் அரை நிமிடத்துக்குள் முடிகிறது. ஒரே குறை: காப்பி ஓடும்போது எஸ்எஸ்டியில் பெரிய டார் ஃபைலை (பல ஃபைல்களைக் கட்டிவைத்த ஒரே ஃபைல்) பிரித்தால் அது இழுக்கிறது.

பதில் 2:
இழுக்கத்தானே செய்யும்! அந்த 256 எம்பி எல்லா டிஸ்க்குக்கும் சேர்த்து. பென்டிரைவ் பாவத்தை எஸ்எஸ்டி ஏன் சுமக்க வேண்டும்? கர்னல் 6.2 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் ரேஷியோக்களைப் பழையபடி 10, 20 ஆக்கிவிட்டு, பென்டிரைவின் பிடிஐ டைரக்டரியில் (bdi, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனியாக உள்ள கர்னல் அமைப்புகள்) மட்டும் ஸ்ட்ரிக்ட் லிமிட்டை 1 ஆக்கி, மேக்ஸ் பைட்ஸில் வரம்பு கொடுங்கள். கழற்றி மாட்டினால் இந்த அமைப்பு போய்விடும், அதனால் டிவைஸ் மாட்டியதும் தானாக ஓடும் யூடெவ் (udev) விதியில் எழுதிவிடுவது நல்லது.

கேட்டவர்:
கர்னல் 6.8. வேலை செய்கிறது, டார் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. யூடெவ் விதியை ஞாயிற்றுக்கிழமை எழுதிக்கொள்கிறேன், முதலில் அக்காவுக்கு வீடியோ போகட்டும்.