அப்பாவின் நண்பர் வீட்டில் மூன்று கிழமை தங்கலாமா?

கேள்வி (ரொறன்ரோவிலிருந்து):
நான் கனடாவில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவின் ஊர் கொக்குவில். இந்த ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு முதன்முறையாகத் தனியே யாழ்ப்பாணம் வருகிறேன். அப்பாவோடு ஒன்றாகப் படித்தவர் கோயிலுக்கு அண்மையில் குடும்பத்தோடு வசிக்கிறார். விடுதியில் அறை எடுக்கப்போவதாக நான் சொன்னதும், "எங்கட வீடு இருக்கேக்க விடுதியோ பிள்ளை?" என்று தொலைபேசியிலேயே மனம் நொந்துபோனார். மாமா, மாமி என்று அழைத்துப் பழகியிருந்தாலும் அவர்களை நேரில் கண்டதில்லை. மூன்று கிழமை தங்கினால் சுமையாகிவிடுவேனோ என்றும், செலவில் எப்படிப் பங்கெடுப்பது என்றும் தெரியாமல் கேட்கிறேன்.

பதில் 1 (நல்லூரிலிருந்து):
தங்கை, தயங்காமல் வாருங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்களை ஆண்டுதோறும் வீட்டில் வைத்திருக்கும் ஒருத்தியாக எழுதுகிறேன். எங்களைக் களைக்க வைப்பது கூடுதலாக ஒருவருக்குப் புட்டு அவிப்பதன்று. வருவதாகச் சொன்ன நேரத்தில் வராத விருந்தினருக்காக இரவு பத்து மணிவரை சோற்றை மூடிவைத்துக் காத்திருப்பதுதான். ஆகவே வெளியே சாப்பிடுவதாக இருந்தால் காலையிலேயே சொல்லிவிடுங்கள். திருவிழாவின் 25 நாளும் எங்களைப் போன்ற பல வீடுகளில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, சமைப்பதில்லை. விரதத்துக்கென்று பானை சட்டிகளை வேறாக வைத்திருப்பார்கள். சென்ற முறை ஒரு தம்பி ஆசையோடு பாசையூரிலிருந்து நண்டு வாங்கிவந்து குசினி வாசலில் நின்றபோது, அவரது முகம் வாடியதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்குவதையே எங்கள் கிணறுகள் நம்பியிருக்கின்றன, அந்த மழையும் பெரும்பாலும் ஐப்பசிக்குப் பிறகுதான் வரும். திருவிழாக் காலத்தில் கிணற்றடியில் வாளி இறங்கும் ஆழத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தீர்களானால், குளியலறையில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிராது.

பதில் 2 (இலண்டனிலிருந்து):
பணத்தை மட்டும் உறையில் போட்டுக் கொடுக்காதீர்கள். நான் அந்தப் பிழையைச் செய்தேன். புறப்படும் நாளில் மேசையில் வைத்துவிட்டு வந்த உறையை, அந்த வீட்டு அண்ணா புகையிரத நிலையம்வரை கொண்டுவந்து, ஒரு சொல்லும் பேசாமல் என் சட்டைப் பையில் திணித்துவிட்டுத் திரும்பினார். அந்த மௌனம் இன்றும் என்னை வருத்துகிறது. அடுத்த பயணத்தில் அந்த வீட்டு அக்காவுடன் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய், காய்கறியும் கதலிப்பழமும் வாங்கும்போது நானே முந்திக்கொண்டு காசு கொடுத்தேன். அதை அவர் தடுக்கவில்லை. பிள்ளைகள் இருந்தால், விடைபெறும்போது அவர்களின் கையில் கொடுக்கலாம்.

பதில் 3 (பருத்தித்துறையிலிருந்து):
மூன்று கிழமையும் ஒரே வீட்டில் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. மாமிக்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும். விருந்தினர் இருக்கும்வரை அவர் பகலில் கண்ணயர மாட்டார். இடையிடையே காலையிலேயே புறப்பட்டு, குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசித்துவிட்டு மாலையில் திரும்புங்கள். நெடுந்தீவுக்கும் அங்கிருந்துதான் படகு. ஓரிரு நாள் உறவினர் வீட்டிலும் தங்கலாம், ஆனால் மாமாவிடம் முன்னரே சொல்லிவிட்டே போங்கள். 24ஆம் நாள் தேருக்கும் மறுநாள் தீர்த்தத்துக்கும் அந்த வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள், ஏனெனில் அவர்கள் உங்களைக் கூட்டிக்கொண்டு போக ஆசைப்படுவது அந்த நாட்களுக்குத்தான்.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு மாமியுடன் பேசி, இடையில் நான்கு நாள் கொக்குவிலில் அப்பாவின் ஒன்றுவிட்ட சகோதரி வீட்டில் நிற்பதாகச் சொன்னேன், சம்மதித்தார். சமையலுக்கு என்ன உதவி செய்யலாம் என்று கேட்டதற்கு, தேங்காய் துருவத் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். "அது நான் காட்டித் தாறன், நீ முதல்ல சட்டை அளவை அனுப்பு, தேருக்குச் சேலை உடுக்க வேணும்" என்று சொல்லிவிட்டு மாமாவிடம் தொலைபேசியைக் கொடுத்தார்.