முடிவிலி நிஜமாகவே இருக்கிறதா? விளக்குங்களேன்

கணிதம் தெரிந்தவர்கள் யாராவது உதவுங்கள். இயல் எண்களும் (1, 2, 3...) இரட்டை எண்களும் ஒரே அளவு முடிவிலி என்பது புரிகிறது. 1க்கு 2, 2க்கு 4 என ஜோடி சேர்த்தால் எதுவும் மிஞ்சாது. ஆனால் 0க்கும் 1க்கும் இடையிலுள்ள மெய்யெண்கள் (முடிவில்லாத தசமங்கள் உட்பட எல்லா எண்களும்) அதைவிடப் பெரிய முடிவிலி என்று 1891இல் கணிதவியலாளர் கேன்டர் மூலைவிட்ட முறையில் காட்டினாரே, அங்கேதான் இடிக்கிறது. அந்த எண்களை எப்படிப் பட்டியல் போட்டாலும், முதல் எண்ணின் முதல் தசம இலக்கம், இரண்டாம் எண்ணின் இரண்டாம் இலக்கம் என மாற்றிக்கொண்டே போனால் பட்டியலில் இல்லாத ஓர் எண் கிடைக்கும் என்பதுதான் அந்த முறை. பட்டியலில் விடுபட்ட எண்ணைச் சேர்த்துக்கொண்டால் என்ன? (மறுபடியும் ஒன்று விடுபடுமாம். சரி, அதையும் சேர்ப்போம்!)

அப்புறம், இயல் எண்கள், மெய்யெண்கள் என்ற இவ்விரண்டு முடிவிலிகளுக்கும் நடுவே வேறொரு முடிவிலி உண்டா என்பதை வழக்கமான கணக் கோட்பாட்டு (set theory) விதிகளை வைத்து நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்று கணிதவியலாளர்கள் கோடெலும் பிறகு 1963இல் கோஹனும் காட்டிவிட்டார்கள். அப்படியென்றால் முடிவிலி நாம் போட்ட விதிகளுக்குள் மட்டும் இருப்பதுதானே? எனக்கு அப்படித்தான் படுகிறது. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். தமிழில் நல்ல காணொளி இருந்தாலும் சொல்லுங்கள்.