மலையடிவாரத்துல மாட்டுக்குப் புல்லு போட்டவங்க வாங்க, பட்டதைச் சொல்லுங்க

குறுங்குடிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நமக்கு திருக்குறுங்குடி பக்கம். எங்க விளைக்கும் காட்டு எல்லைக்கும் நடுவுல ரெண்டு வயக்காடுதான் இருக்கு. பால்மாடு ரெண்டு, கிடேரி ஒண்ணு, ஆடு ஏழு. எங்க தாத்தா காலத்துல இருபது உருப்படிக்கு மேல மலைக்குப் பத்திட்டுப் போயி சாயங்காலம் திரும்புமாம், தீவனம்னு ஒண்ணை விதைக்கணும்னு யாரும் நெனச்சதே இல்ல. 1988-ல களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆனதுக்குப் பெறவு அந்த மேய்ச்சல் கொஞ்சம் கொஞ்சமா நின்னுபோச்சு, இப்ப எல்லாமே தொழுவுல கட்டிப்போட்டு வளக்குறதுதான்.

மூணு வருசம் முன்னால எல்லாரும் கோ-4, கோ-4னு ஒரு ஒட்டுத் தீவனப்புல்லைச் சொன்னாங்கன்னு நானும் கரணை வாங்கி 12 சென்ட்ல ஊணுனேன். கணக்கு பாருங்க, ஒரு ஹெக்டேருக்கு வருசத்துக்கு 380, 400 டன்னு சொல்லுதாங்க, ஹெக்டேர்ங்கது 247 சென்ட், அப்போ ஒரு சென்டுக்கு 1600 கிலோ, நாளுக்கு நாலு கிலோவுக்கு மேல. பன்னெண்டு சென்ட்ல ஐம்பது கிலோ வரும், ரெண்டு மாட்டுக்குத் தாராளம்னு நோட்டுல எழுதிவச்சு வீட்டுக்காரிகிட்ட பெருமையா காட்டுனேன். நெசத்துல வந்தது சராசரி இருபத்தஞ்சு. சித்திரை வைகாசில கெணறு இறங்குனதும் பத்து கூட தேறல. அந்த 400 டன்னு சொல்லுதது தண்ணியும் எருவும் நல்லா கொடுத்து 45 நாளைக்கு ஒருக்கா தவறாம அறுக்குறவனுக்கு, என்னைமாதிரி ஆளுக்கு இல்ல.

அதைவிடக் கூத்து மிளா, கடமான்தான். மொத அறுப்புக்கு 75 நாள் ஆகும்லா, எழுபதாவது நாள் காலைல வெள்ளனமே பன்னருவாளைத் தூக்கிட்டுப் போறேன், மேல்பக்கம் நாலு வரிசை இடுப்பு உசரத்துக்கு யாரோ மட்டம் பிடிச்சு வெட்டுன மாதிரி நிக்கி. காலடி பாத்தா மிளா. மறுவாரம் பன்னி வந்துச்சு, அது புல்லைத் தின்னல, எரு போட்டதுல மண்புழு நெறைய இருக்கும்லா, அதுக்காகத் தூரோட கிண்டிப் போட்டுட்டுப் போயிருச்சு. கரண்டு வேலி எல்லாம் போட்டு கேஸ்ல மாட்டுறதுக்கு நான் ஆளில்ல. அம்மாவோட பழைய சேலை பதினொண்ணு, சித்தியோடது ஆறு, வரிசையா கம்புல கட்டுனேன், ஊர்க்காரன் பூராம் ஜவுளிக்கடை தெறந்துட்டியாலேன்னு கேட்டான். பன்னிக்கு அது கேக்குது. மிளாவுக்கு ஒரு மாசம்தான் கேட்டுச்சு.

உங்க பக்கம் என்ன போட்டீங்க, எது நின்னுச்சு, எதுல ஏமாந்தீங்கன்னு எழுதுங்க. புத்தகத்துல இருக்கதை ஒட்டாதீங்க, அதை நானே படிச்சுக்கிடுவேன்.

கடையத்து மருமகன்:
அண்ணாச்சி, மிளா தின்னது புல்லுதானே, நான் மாட்டையே பறிகொடுத்தவன். இத இதுவரைக்கும் எழுதுனதில்ல.

மாமனார் வீட்டுக்கு மேக்க சின்னக் குன்று இருக்குலா, அந்தப் பொத்தை ஓரம் ஒரு ஏக்கர் மானாவாரி கெடக்கு. அதுல தீவனச்சோளம் விதைச்சோம். மொத வெட்டு நல்லா வந்துச்சு, பூத்த பெறவு அறுத்துப் போட்டோம், மாடு நக்கித் தின்னுச்சு. அடுத்து மழையே இல்ல, கட்டை எல்லாம் சுருண்டு கருகிப்போச்சு, சரி போனது போகட்டும்னு விட்டாச்சு. ஒருநாள் நல்ல மழை, பத்து நாளுல கட்டையில இருந்து பச்சைப்பசேல்னு குருத்து வந்திருச்சு, முழங்கால் கூட இல்ல, பாக்க அவ்வளவு அழகு. நான் அன்னைக்கு டவுனுக்குப் போயிட்டேன். மத்தியானம் ரெண்டு மாடு தாம்பை அத்துக்கிட்டு உள்ள எறங்கிருச்சு. மாமனார் பாத்து வெரட்டுததுக்குள்ள கால்மணி நேரம்கூட ஆகியிருக்காதுன்னு சொல்லுதாரு.

செவலை அங்கனயே தள்ளாட ஆரம்பிச்சிருக்கு. வயிறு பொம்முன்னு ஊதி, மூச்சு பட்டறை துருத்தி மாதிரி. மாமனார் வாயைத் தெறந்து பாத்திருக்காரு, ஈறு பூராம் நல்ல சிவப்பா இருந்துச்சாம், ரத்தம் நல்லாத்தானே ஓடுது, வெறும் வயித்து உப்புசம்தான்னு நல்லெண்ணெயை ஊத்தி இருக்காரு. அதுதான் தப்பாப்போச்சு. சோளக்குருத்து நஞ்சுல ரத்தம் அப்படித்தான் சிவக்குமாம், சைனைடு வகை, ரத்தத்துல காத்து இருந்தும் உடம்பு அதை எடுத்துக்கிட முடியாதுன்னு டாக்டர் பெறவு சொன்னாரு. அவர் பைக்ல வந்து சேருததுக்குள்ள செவலை போயிருச்சு. இன்னொண்ணுக்கு நரம்புல சோடியம் தயோசல்பேட் போட்டாரு, ஒருமணி நேரத்துல எந்திரிச்சு நின்னுச்சு. ரெண்டுக்கும் நடுவுல இருபது நிமிஷம்தான் வித்தியாசம்.

செவலை அப்போ ஏழு மாச செனை.

சோளமே ஆகாதுன்னு சொல்லல, இப்பவும் போடுதேன். பூக்குறதுக்கு முந்தி ஒரு தட்டையைக்கூட வெட்டமாட்டேன், வாடி நிமிந்த குருத்துப் பக்கம் மாட்டை நிழல்கூட படவிடமாட்டேன். அறுத்து நல்லா காயப்போட்டு தட்டையாக்கிட்டா வேகம் கொறையும். வேலி மட்டும் இப்ப ரெண்டு அடுக்கு.

குறுங்குடிக்காரன்:
படிச்சுட்டு கைகால் ஓடல மாப்ள. எங்க ஆச்சி "சோளக்குருத்து மேஞ்ச மாடு வீடு திரும்பாது"ன்னு சொல்லும், நான் அது ஏதோ கண்ணேறு கதைன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

விகேபுரத்து மைனி:
நானும் ஒண்ணு சொல்லுதேன் தம்பி. எங்க தெருவுல ஒரு அக்கா, வீட்டுக்காரர் இல்ல, ஒத்தை மாடு. ஒரு கோடைல வைக்கோல் வாங்க வழியில்லாம மாட்டை அடிவாரத்துப் பக்கம் அவுத்து விட்டுருச்சு. அங்க என்ன இருக்கு, பூராம் உண்ணிச்செடி. மாடு சாதாரணமா அதை மோந்துகூட பாக்காது, பசி வந்தா என்ன செய்யும். நாலு நாள் கழிச்சு மாடு தீனி எடுக்கல, சாணி கல்லு மாதிரி, கண்ணு மஞ்சள். அது வெள்ளையும் கறுப்புமா கலந்த மாடு, வெள்ளை இருந்த எடம் மட்டும் வெயில் பட்டு வெடிச்சு தோல் அப்பளம் மாதிரி உரிஞ்சு வந்துச்சு, கறுப்புல ஒண்ணுமே இல்ல. அக்கா தீட்டுன்னு நெனச்சு வேப்பிலை கட்டி வச்சிருந்துச்சு. நாங்கதான் டாக்டரைக் கூப்பிட்டோம். ஈரல் கெட்டா தோலுக்கு வெயில் தாங்காதாம், பகல் பூராம் இருட்டுத் தொழுவுல கட்டி வைக்கச் சொன்னாரு. தேறுததுக்கு ஒண்ணரை மாசம் ஆச்சு, பால் அந்த ஈத்துல வரவே இல்ல.

காட்டு ஓரம்னா பச்சை நெறைய இருக்கேன்னு வெளியூர்க்காரங்க சொல்லுவாங்க. பச்சையா இருக்கதெல்லாம் தீனியா?

கன்னி ஆடு வளர்ப்பு:
ஆட்டுக்காரன் யாரும் பேசலியே. என்கிட்ட கன்னி ஆடு முப்பத்தி ரெண்டு, மூலைக்கரைப்பட்டி பக்கம், மலை கொஞ்சம் தூரம்தான், ஆனா குழை ஒடிக்கிறதுல நம்ம சர்வீஸ் அதிகம். ஆட்டுக்குப் புல்லைப் போட்டு ஏமாத்த முடியாதுவே. கோ-4ஐ மெஷின்ல பொடிசா நறுக்கிப் போட்டாலும் மூஞ்சியைத் திருப்பிக்கிடும். அதுக்கு அண்ணாந்து கடிக்கணும். கட்டுக்கட்டா கயித்துல தொங்கவிட்டீங்கன்னா பாதி சேதாரம் கொறையும், தரையில போட்டு மிதிச்சதை ஆடு தொடாது.

அகத்தி போட்டேன், தின்னுச்சு, ஆடிக்காத்துல பாதி மரம் ஒடிஞ்சு படுத்துருச்சு. இந்தப் பக்கம் காத்து எப்படின்னு தெரியும்லா, பணகுடி காத்தாடியை எல்லாம் சுத்தவைக்கிற காத்து அது, அகத்தி என்ன செய்யும் பாவம். கல்யாண முருங்கை போத்து வேலியில ஊணுனது நல்லா நின்னுச்சு. கிளைரிசிடியா மொத ரெண்டு வாரம் மோந்துட்டு தும்முச்சுவ, வாடையாம். காலைல வெட்டி சாயங்காலம் வரைக்கும் வாடவிட்டு, நடுவுல நாலு கொத்து பூவரசு வச்சுக் கட்டித் தொங்கவிட்டேன், பெறவு பழகிருச்சு.

சவுண்டல், சூபாபுல்னு சொல்லுவாங்கல்லா, அதுதான் நம்மளை அசிங்கப்படுத்துனது. வருசம் பூராம் தழைக்குதேன்னு ஒரு சீசன் அது ஒண்ணையே போட்டேன். ஒரு கெடா நாளுக்கு நாள் மயிர் உதிந்து நெஞ்சு பக்கம் மொட்டையாயிருச்சு, சந்தைக்குக் கொண்டுபோனா ஒருத்தன் "என்ன அண்ணாச்சி, மொட்டை போட்டு நேர்ந்துவிட்ட கெடாவா"ன்னு கேட்டுட்டான். அதுல மைமோசின்னு ஒரு சரக்கு இருக்காம். பசுந்தீவனத்துல மூணுல ஒருபங்குக்கு உள்ள நிறுத்திக்கிடணும். இதுல ஒரு வேடிக்கை, ஹவாய் தீவு ஆட்டுக்கு இந்தத் தழையால ஒண்ணும் ஆகலையாம், அதோட வயித்துல இருக்க ஒரு கிருமி அந்த நஞ்சை முறிச்சுப்போடுதுன்னு கண்டுபிடிச்சு, அதை எடுத்துட்டுப் போயி ஆஸ்திரேலியா மாட்டு வயித்துல விட்டாங்களாம். நம்ம கெடாவுக்கு யாரு கொண்டாந்து விடுவா.

கோடைக்கு நம்மளைக் காப்பாத்துறது வெதைச்சது எதுவும் இல்ல, உடைங்கற முள்ளு மரம். உடங்காய் உதிருத சமயம் தொரட்டியும் சாக்குமா போயி பொறுக்கி காயவச்சு கட்டிவச்சிருவோம். சாக்கு அவுக்குத சத்தம் கேட்டாலே முப்பத்தி ரெண்டும் வரிசையில நிக்கும்.

இப்போ கோத்தகிரி:
ஊரு அம்பாசமுத்திரம், வேலைக்கு இங்க வந்து ஆறு வருசம். நம்மூர் நெனப்புல கோ-4 கரணை பஸ்ல தூக்கிட்டு வந்து போட்டேன், சவம், குளிருல ஒரு முழத்துக்கு மேல எந்திரிக்கல, உறைபனி விழுந்த அன்னைக்கு நுனி எல்லாம் வெந்த கீரை மாதிரி ஆயிருச்சு. இங்க மேட்டுல தன்னால பரவிக் கெடக்க கிக்கியூ புல்லுதான் மாட்டுக்கு. குளிருக்குன்னு கொஞ்சம் ஓட்ஸ் வெதைக்கிறாங்க. மலைன்னா எல்லாம் ஒண்ணு இல்ல, அடிவாரம் வேற மேல வேற.

சேரன்மாதேவி மாமா:
எல்லாரும் பச்சையைப் பத்தியே பேசுதீக, வைக்கோலை விட்டுட்டீகளே. எங்க ஆத்துப் பாசனத்துல பிசான நெல் அறுப்பு முடிஞ்சா மாசி பங்குனில மலையடிவாரத்து வண்டி பூராம் இங்கதான் நிக்கும். வாங்குறவங்க ஒண்ணு செய்யுங்க, கட்டோட வெளிப்பக்கத்தைப் பாக்காதீக, நடுவுல கையை விடுங்க. பனி காயுததுக்கு முந்தி மெஷின்ல உருட்டிக் கட்டுன கட்டு உள்ள சூடா இருக்கும், ஒரு மாசத்துல பூசணம் பூத்துரும். கார் போகத்து வைக்கோல் மழையில மாட்டுன வைக்கோல், வெலை கொறைவுன்னு வாங்காதீக. எங்க அப்பா காலத்துல கையறுப்பு, வைக்கோல் படப்பு போட்டா ரெண்டு வருசம் பொன்னு மாதிரி இருக்கும், இப்போ படப்பு வேயத் தெரிஞ்ச ஆளே தெருவுல ரெண்டு பேர்தான்.

யூரியா வைக்கோலும் செஞ்சு பாத்தேன். 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியா, 65 லிட்டர் தண்ணியில கரைச்சு பூவாளியால தெளிச்சு, தார்ப்பாய்ல மூடி காத்து போகாம 21 நாள். தெறந்த அன்னைக்கு கண்ணுல தண்ணி கொட்டிருச்சு, மாடு கயித்தை இழுத்துக்கிட்டு ஓடுது. அப்படியே போடக்கூடாது, ஒரு மணி நேரம் ஒதறி ஆறவிடணும். மூணாவது நாள் தின்னுச்சு, வழக்கமா கழிக்கிற தூரு கழிவே இல்ல. ஆறு மாசத்துக்கு உட்பட்ட கன்னுக்கு மட்டும் வேண்டாம்.

குறுங்குடிக்காரன்:
மாமா, நடுவுல கையைவிடுற விஷயத்துக்கே உங்களுக்கு ஒரு டீ கடன்.

நான் இப்ப செய்யுததைச் சொல்லிருதேன். கோ-4ஐ அழிக்கல, கெணத்தடி ஆறு சென்ட்டோட நிறுத்திட்டேன், தொழு கழுவுத தண்ணி நேரா அங்க போகும். தென்னைக்கு நடுவுல கினியாப்புல், நிழல்ல நல்லா தூர் கட்டுது, மிளாவும் வீட்டுப் பக்கம் அவ்வளவு வாரதில்ல. வரப்பு ஓரம் வேலிமசால், பயறுவகைத் தீவனச்செடி. அது மொத தடவை முளைக்கவே இல்ல, விதை வித்தவனைத் திட்டிக்கிட்டே இருந்தேன், பெறவுதான் தெரிஞ்சுது, தோல் கெட்டி, தண்ணியைக் கொதிக்கவச்சு எறக்கி, மூணு நாலு நிமிஷம் சூடு தணியவிட்டு, அதுல அஞ்சு நிமிஷம் விதையைப் போட்டு எடுத்து, ராத்திரி பூராம் பச்சைத்தண்ணியில ஊறவைக்கணும்னு. அம்மா சோத்துப்பானைக்குப் பக்கத்துலயே அதைச் செஞ்சுச்சு, எட்டாம் நாள் வரப்பு பச்சை. புல்லு மூணு பங்குன்னா இது ஒரு பங்கு கலந்து போடுதேன், புண்ணாக்கு செலவு கண்ணுக்குத் தெரிய கொறைஞ்சிருக்கு.

பொத்தைச் சரிவுல கொழுக்கட்டைப்புல்லும் முயல்மசாலும், புரட்டாசி கடைசில. கொழுக்கட்டை விதை பஞ்சு மாதிரி, கையைத் தூக்கி வீசுனா பக்கத்து விளையில போயி விழும், ஈரமண்ணுல பெசஞ்சு உருண்டை பிடிச்சுத்தான் போட்டோம், பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. ரெண்டாவது வருசம் நல்லா மூடிருச்சு. மிளா வருது, தின்னுது, அதுக்கும் சேத்துதான் இப்ப வெதைக்கேன்.

கடையத்து மருமகன்:
அண்ணாச்சி, கினியா கரணை கொஞ்சம் கிடைக்குமா? ஞாயித்துக்கிழமை உங்கூரு நம்பி கோயிலுக்கு வாரோம்.

குறுங்குடிக்காரன்:
வாங்க மாப்ள. கினியாவுக்கு வேரோட தூர் பிரிச்சுத் தாரேன், கரணை வேண்டாம். ஈரச்சாக்கு ரெண்டு கொண்டாங்க, கார் டிக்கியில வெயில்ல வச்சுட்டு கோயிலுக்குப் போயிராதீங்க, சாமி கும்பிட்டுட்டு கடைசியா வந்து வாங்கிக்கிடுங்க.