வான்கோழிக் குஞ்சுகள் மஞ்சளாகக் கழிந்து சாகின்றன, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். கொல்லையில் 20 வான்கோழிக் குஞ்சுகள் வளர்க்கிறேன், வயது 9 வாரம். நான்கு நாளில் 5 போய்விட்டன. இறக்கையைத் தொங்கவிட்டு, கண்மூடி ஓரமாக நிற்கின்றன. எச்சம் கந்தகத்தைக் கரைத்தது போல மஞ்சள். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டாகிவிட்டது. கூடவே மேயும் நாட்டுக்கோழிகளுக்கு ஒரு குறையும் இல்லை. மனது கேட்கவில்லை.

பதில்:
எச்சத்தில் இரத்தம் உண்டா? இறந்ததை அறுத்து ஈரலையும் குருட்டுக்குடலையும் பார்த்தீர்களா, தம்பி?

கேள்வி கேட்டவர்:
இரத்தம் இல்லை, அண்ணா. இன்று காலை ஒன்றை அறுத்தேன். ஈரலில் காசு காசாக வட்டங்கள், நடுவே குழிந்து, விளிம்பு வெளுத்து. குருட்டுக்குடல் இரண்டும் விரல் தடிமனுக்கு வீங்கி, உள்ளே திரிந்த பால் இறுகியது போல மஞ்சள் கட்டி.

பதில்:
கருந்தலை நோயாகத்தான் தெரிகிறது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், தலை கறுக்காமலேயே பல சாகும். காரணம் ஹிஸ்டோமோனாஸ் என்ற ஓரணு ஒட்டுண்ணி. குருட்டுக்குடல் புழுவின் முட்டைக்குள் இருந்துகொண்டு மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். அந்த முட்டையைத் தின்ற மண்புழுவைக் கொத்தினாலும் தொற்றும். நாட்டுக்கோழி அதைச் சுமந்தபடி நன்றாகவே நடமாடும், வான்கோழிக்குத்தான் ஈரல் அழுகுகிறது.

நோயுற்றதை இப்போதே பிரித்துவிடுங்கள். வான்கோழிக் கூட்டத்துக்குள் புழுவின் துணையே இல்லாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவும். நல்லவற்றைத் தரையில் விடாமல், உயர்த்திய கம்பிவலைத் தளத்தில் ஏற்றுங்கள். ஃபென்பென்டசோல் என்ற மருந்து புழுவைக் கொல்லும், ஈரலுக்குள் போய்விட்ட ஒட்டுண்ணியைத் தொடாது. இதற்கென அமெரிக்காவில் இருந்த நைட்டார்சோன் என்ற மருந்தும் ஆர்சனிக் கலந்தது என்பதால் 2015 இறுதியோடு விலக்கப்பட்டது. கடையில் சொல்கிறார்கள் என்று எதையும் தண்ணீரில் கலக்காதீர்கள். அடுத்து ஒன்று இறந்தால் ஐஸ் பெட்டியில் வைத்து (உறைய விடாமல்) கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோங்கள். நாமக்கல் பக்கமென்றால் அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே போகலாம்.

கேள்வி கேட்டவர் (9 நாள் கழித்து):
பரிசோதனையில் அதே நோய்தான். இன்னும் 3 போய்விட்டன, அண்ணா. மீதி 12 தளத்தின் மேல் தீவனம் எடுக்கின்றன. அடுத்த ஆண்டு அதே கொல்லையில் விடலாமா?

பதில்:
வேண்டாம், தம்பி. அந்த மண்ணைக் கோழிகளுக்கே விட்டுவிடுங்கள். வான்கோழிக்குத் தனி இடம், தனிச் செருப்பு, தனி வாளி.