புண்ணில் கரையும் நார் வைத்த அனுபவம் உண்டா?

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். பாதத்தில் வந்த புண் 4 மாதமாகியும் மூடவில்லை. தினமும் காஸ் துணியைப் பிரிக்கிற நேரம்தான் கொடுமை. சலைன் ஊற்றி ஊறவைத்து எடுத்தாலும், அடியில் புதிதாக வந்த செந்தசை துணியோடு பிய்ந்து வரும், மறுபடி ரத்தம். அப்பா பல்லைக் கடித்துக்கொள்வார்.

அப்புறம் மருத்துவர் செத்த தசையை நீக்கிவிட்டு, வெள்ளைத் தாள் மாதிரி ஒன்றைப் புண்ணின் அளவுக்கு வெட்டி உள்ளே படிய வைத்தார். "கரையும் தையல் நூல் இருக்கிறதே, அந்த வகைதான். இதை எடுக்கவே கூடாது, மேல்கட்டை மட்டும் மாற்றுங்கள்" என்றார். 5ஆம் நாள் பிரித்தால் தாளைக் காணோம். மஞ்சளாக, கொழகொழவென்று ஏதோ இருந்தது. சீழ் என்று நினைத்துத் துடைக்கப் போனேன். நல்லவேளை, செவிலியர் தடுத்தார். கெட்ட வாடை இல்லை, சுற்றிலும் சிவப்போ சூடோ இல்லை. கரைகிற நார்தான் அது என்றார். உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா?

பதில்:
நான் ஆய்வகத்தில் இந்த நாரை நூற்பவள். படிக்கும்போதே மனசு பதறிவிட்டது, துடைத்திருந்தால் வைத்ததெல்லாம் வீண்.

சிரிஞ்சில் பாலிமர் (சங்கிலி போல நீண்ட மூலக்கூறுகள் கொண்ட பொருள்) கரைசல், ஊசியில் 15,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம். முனையில் நிற்கும் சொட்டு கூம்பாக இழுபட்டு, நுனியிலிருந்து இழை பாயும். எதிரே உள்ள அலுமினியத் தாளில் நூலாம்படை மாதிரி படியும். ஓர் இழை தலைமுடியில் நூறில் ஒரு பங்கு தடிமன்கூட இருக்காது. காற்றில் ஈரம் கூடிய நாளில் இழைகள் காயாமல் ஒன்றோடொன்று ஒட்டி, அன்றைய வேலையே பாழாகும்.

முதலில் பாலிகாப்ரோலாக்டோன் என்ற, மெதுவாகக் கரையும் பாலிமரில் மட்டும் நூற்றேன். மேலே விட்ட தண்ணீர் தாமரை இலைத் துளியாக உருண்டு நின்றது, செல்களும் சரியாக ஒட்டவில்லை. ஜெலட்டின் கலந்த பிறகுதான் பரவி வளர்ந்தன. ஆனால் பாலிகாப்ரோலாக்டோன் முழுதாகக் கரைய 2 ஆண்டுக்கு மேலும் ஆகலாம். லாக்டிக், கிளைகாலிக் அமிலங்களைச் சரிபாதியாகச் சேர்த்த பாலிமரோ ஓரிரு மாதத்தில் போய்விடும். தண்ணீர் பட்டுப் பட்டு அதன் கண்ணிகள் அறுந்து, கடைசியில் அந்த அமிலங்களே மிஞ்சும். உடல் அவற்றைச் செரித்துக்கொள்ளும். தசை வந்து சேரும்வரை நார் தாங்க வேண்டும், வந்த பிறகு வழிவிட வேண்டும். எனக்கு இன்றும் கடினமான கணக்கு அதுதான். துளைகள் மிகச் சிறிதானால் செல் உள்ளே நுழையாமல் மேலேயே நின்றுவிடும், அது இன்னொரு தொல்லை.

பதில்:
புண் கட்டும் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். எந்த நார் வைத்தாலும் அந்தப் பாதத்தை ஊன்றி நடந்தால் புண் ஆறாது. சர்க்கரை அளவையும் விடாமல் பாருங்கள். வாடையோ காய்ச்சலோ வந்தால் அன்றே காட்டுங்கள்.

முதலில் எழுதியவர்:
நன்றி. இது 9ஆம் வாரம். பள்ளம் மேடேறி, ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகத் தோல் வருகிறது. மேல்கட்டைப் பிரிக்கும்போது இப்போது அப்பாவே குனிந்து பார்க்கிறார்.