எஸ்ஓசி எல்1 வேலை: பெங்களூரில் இருப்பவர்கள் வழி சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் திருநெல்வேலி. இப்போது மடிவாளாவில் பிஜியில் தங்கி எஸ்ஓசி எல்1, அதாவது பாதுகாப்பு அலர்ட்டுகளை முதல் ஆளாகப் பார்க்கிற சைபர் செக்யூரிட்டி வேலை தேடுகிறேன். காம்ப்டியா செக்யூரிட்டி பிளஸ் சர்டிஃபிகேட் முடித்தாயிற்று. விளம்பரத்தில் ஃப்ரெஷர் என்கிறார்கள், உள்ளே போனால் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். அதை எந்தக் கடையில் வாங்குவதோ!

லேப்டாப்பிலேயே சின்னதாக ஒரு லேப் போட்டிருக்கிறேன். விண்டோஸ் லாக் எல்லாம் வாஸூ (Wazuh) என்கிற கண்காணிப்பு மென்பொருளுக்குப் போகும். ஒரே ஐபியிலிருந்து 4625 என்கிற ஈவன்ட், அதாவது தோல்வியடைந்த லாகின், வரிசையாக வந்து அப்புறம் 4624, அதாவது வெற்றியான லாகின், வந்தால் அலர்ட் அடிக்கும்படி ரூல் எழுதினேன். பாஸ்வேர்டை யாரோ ஊகித்து உள்ளே நுழைந்திருக்கலாம் என்பதற்கான அறிகுறி அது. இதை ரெஸ்யூமேயில் எப்படிப் போட்டால் டீம் லீட் கண்ணில் படும்?

இன்னொன்று. முதலில் ஹெல்ப் டெஸ்க்கிலோ நெட்வொர்க் சப்போர்ட்டிலோ நுழைந்துவிட்டு மாறுவது நடக்கிற காரியமா, இல்லை அங்கேயே மாட்டிக்கொள்வேனா? அப்படி மாறியவர்கள் சொன்னால் நம்புவேன். நைட் ஷிஃப்ட் பிரச்சினை இல்லை. பணம் கட்டினால் வேலை உத்தரவாதம் என்கிற கோர்ஸ் மட்டும் வேண்டாம். 'நல்' (null) என்கிற சைபர் செக்யூரிட்டி குழுவின் மீட்டப்புக்குப் போகிறவர்கள் இருந்தால் என்னையும் கூட்டிப்போங்கள் அண்ணா, அக்கா.